வாராந்திர வீட்டு வருகையை வாடகை ஒப்பந்தத்தில் நிபந்தனையாக எழுதலாமா? (மீள்குடியேறும் அகதிக் குடும்பங்களுக்கான வீடுகள்)

வாசற்படி:

வணக்கம். மீள்குடியேற்றத்தில் (முதலில் அடைக்கலம் புகுந்த நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு நிரந்தரமாகக் குடிவருவது) வரும் அகதிக் குடும்பங்களுக்கு உதவும் ஒரு சிறு தன்னார்வக் குழுவில் இருக்கிறேன். இதுவரை வேறோர் அமைப்புக்குத் துணையாக மரச்சாமான் சேர்ப்பது, மருத்துவமனைக்கு அழைத்துப் போவது என்று இருந்தோம். இப்போது முதல்முறையாக ஒரு கட்டடத்தில் சில வீடுகளை நாங்களே வாடகைக்கு எடுத்து, வரும் குடும்பங்களுக்கு உள்வாடகைக்குக் கொடுக்கப் போகிறோம்.

வெறும் வீட்டைக் கொடுத்துவிட்டு ஒதுங்குவதில் எங்களுக்கு விருப்பமில்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வழிகாட்டி இருப்பார். வாராவாரம் வீட்டுக்கே போவார். அடுப்பும் ஹீட்டரும் இயக்குவது, வரும் கடிதங்களைப் படிப்பது, வீட்டில் நோயாளியோ முதியவரோ இருந்தால் அவர்களைக் கவனிப்பது என எல்லாவற்றிலும் கூட நிற்பார்.

குழு இரண்டாகப் பிரிந்து நிற்பது இந்த இடத்தில்தான். ஒப்பந்தத்திலேயே “வாரம் ஒருமுறை வழிகாட்டியை வீட்டுக்குள் அனுமதிக்க வேண்டும்” என்று எழுதிவிட வேண்டும் என்கிறார்கள் பாதிப் பேர். அப்படி எழுதினால் அது உதவியே இல்லை, கண்காணிப்பு என்கிறார்கள் மீதிப் பேர். கட்டட உரிமையாளருக்கோ அந்த வரி இருந்தால் நிம்மதி. நேரடியாக இந்த வேலையில் இருப்பவர்கள், அகதியாக வந்து வாழ்ந்தவர்கள் எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.

களப்பணியாள்:

நிபந்தனையாக எழுத வேண்டாம் என்பதுதான் என் பதில். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்தக் குடும்பம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். உலகில் உள்ள அகதிகளில் ஓராண்டில் இப்படி இன்னொரு நாட்டில் மீள்குடியேற வாய்ப்புக் கிடைப்பது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவானவர்களுக்குத்தான். அந்த வாய்ப்புக்காக அவர்கள் ஆண்டுக்கணக்கில் அதிகாரிகளுக்குப் பதில் சொல்லியிருப்பார்கள். ஐ.நா. அகதிகள் ஆணைய நேர்காணல், போகும் நாட்டின் நேர்காணல், பாதுகாப்புச் சோதனை, மருத்துவச் சோதனை. ஒவ்வொன்றிலும் ஒரே கதையைத் திரும்பச் சொல்ல வேண்டும், ஒரு தேதி மாறினாலும் சந்தேகம். கையில் தாளோடு ஒருவர் எதிரே உட்கார்ந்தால் “இவர் கையில்தான் நம் விதி” என்று நினைக்கும் பழக்கம் அவர்களுக்கு அங்கேயே வந்துவிடும். உங்கள் வழிகாட்டி எவ்வளவு அன்பானவராக இருந்தாலும், ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கும்வரை அவரும் ஓர் அதிகாரிதான். அவரிடம் “ஹீட்டர் இயக்கத் தெரியவில்லை” என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். “எல்லாம் நன்றாக இருக்கிறது” என்பார்கள். குளிரில் கோட்டைப் போட்டுக்கொண்டே தூங்குவார்கள்.

வீட்டையும் உதவியையும் தனித்தனியாக வைப்பது நான் கண்டுபிடித்த யோசனை இல்லை. 1992-இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் ‘பாத்வேஸ் டு ஹவுசிங்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். தெருவில் இருந்த மனநோயாளிகளுக்கு அதுவரை முதலில் சிகிச்சை, குணமானால் வீடு என்பதே வழக்கம். அவர் வரிசையை மாற்றினார். முதலில் வீடு, சிகிச்சை எடுப்பதும் எடுக்காததும் அவரவர் விருப்பம். கனடாவில் 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில் இதே கொள்கையைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தார்கள். வீடு கிடைத்தவர்களில் பெரும்பாலோர் அதில் நிலைத்து இருந்தார்கள். அகதிக் குடும்பங்களின் நிலை வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் “உதவியை மறுத்தால் வீடு போகாது” என்ற நம்பிக்கை இருந்தால்தான் உதவியை மனதாரக் கேட்பார்கள் என்பது இரு சாராருக்கும் பொது.

பழுதுபார்ப்பவன்:

நான் கட்டடப் பராமரிப்பில் இருப்பவன். களப்பணியாள் சொல்வது மனதுக்குச் சரியாகப் படுகிறது, ஆனாலும் எனக்கு ஒரு கவலை இருக்கிறது. அதை நேராகச் சொல்லிவிடுகிறேன்.

2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் மான்செஸ்டரில் ஒரு சிறுமி இறந்தாள். சூடானைச் சேர்ந்த அகதிக் குடும்பம், இரண்டு வயதுக் குழந்தை. அமெரிக்காவுக்கு வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அவர்களுக்குக் கிடைத்த பழைய வீட்டின் பெயின்டில் ஈயம் இருந்தது. உதிர்ந்த பெயின்டைக் குழந்தை வாயில் போட்டுக்கொண்டாள். போரிலிருந்து தப்பி வந்த பிள்ளையைக் கொன்றது, பாதுகாப்பு என்று சொல்லிக் கொடுத்த வீடு. அந்த நாட்டில் வீடுகளுக்கு ஈய பெயின்ட் அடிக்க 1978-இலேயே தடை வந்துவிட்டது. அதற்கு முன் கட்டிய வீடுகள் அப்படியே நிற்கின்றன, வாடகை குறைவு என்பதால் புதிதாக வருபவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பவையும் அவைதான். இரும்புச்சத்துக் குறைந்த குழந்தைகளின் உடல் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். முகாமில் அரைவயிற்றோடு வளர்ந்த குழந்தைக்கு ஆபத்து இரட்டிப்பு. இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் அகதிக் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் பார்ப்பதில் தீவிரம் காட்டினார்கள். வந்தவுடன் ஒரு முறையும், நிரந்தர வீட்டில் குடியேறி 3 முதல் 6 மாதத்துக்குள் சின்னக் குழந்தைகளுக்கு இன்னொரு முறையும் பார்க்கச் சொல்கிறார்கள். அந்த இரண்டாவது சோதனை குழந்தைக்குச் செய்வதுதான், ஆனால் அது உண்மையில் சோதிப்பது வீட்டை.

யாரும் உள்ளே போகாவிட்டால் இதெல்லாம் யார் கண்ணில் படும்? புகை எச்சரிக்கைக் கருவியின் பேட்டரியைக் கழற்றி வைத்திருப்பார்கள். அடுப்பில் எண்ணெய் காய்ந்தாலே அது அலறுகிறதே, என்ன செய்வார்கள்? மின்கட்டணத்துக்குப் பயந்து கரி அடுப்பை வீட்டுக்குள் மூட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்கியவர் எழுந்திருக்க மாட்டார். நிபந்தனை இல்லையென்றால் கதவைத் தட்டும் உரிமை யாருக்கு?

இன்னொன்று. நீங்கள் சொன்ன பாத்வேஸ் அமைப்பிலேயே, குறிப்பிட்ட இடைவெளியில் பணியாளரைச் சந்திக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது என்று படித்திருக்கிறேன். அதையும் சொல்ல வேண்டாமா?

மூன்றாம்மாடி:

பெரும்பாலும் இங்கே வாசிப்பதோடு சரி. இந்த இழையில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் குடும்பம் மீள்குடியேற்றத்தில் வந்தது. எங்களுக்கு வீடு கொடுத்த அமைப்பில் ஒரே அம்மையார்தான் எல்லாம். வாடகை ரசீது அவர் கையில், மாற்றுச் சாவி அவர் கையில், பள்ளியில் சேர்த்தது அவர், அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப் போனதும் அவர். கெட்டவர் இல்லை, எங்களுக்காக ஓடி ஓடி உழைத்தவர். ஆனால் அவர் வரும் நாளன்று எங்கள் வீட்டில் என்ன நடக்கும் தெரியுமா? அம்மா விடியலில் எழுந்து தரையைத் துடைப்பாள். சன்னலோரம் படர்ந்த பூஞ்சையின் மேல் திரைச்சீலையை இழுத்துவிடுவாள். கசியும் குழாயின் அடியில் வைத்த வாளியை எடுத்துக் குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஒளித்து வைப்பதற்கென்றே என் தம்பியை நிறுத்திவைப்பாள். வீட்டைக் கெடுத்துவிட்டோம் என்று நினைத்து வெளியே அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். குழாய் கசிவது வீட்டுக்காரர் சரிசெய்ய வேண்டிய விஷயம் என்பதே அவளுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. அந்தப் பூஞ்சையால்தான் தம்பிக்கு இருமல் விடவில்லை என்று பிறகு மருத்துவர் சொன்னார்.

பழுதுபார்ப்பவன் அண்ணா, உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் எங்கள் வீட்டுக்குள் தவறாமல் ஒருவர் வந்துகொண்டுதான் இருந்தார். அவர் கண்ணில் எதுவும் படவில்லை. படாமல் பார்த்துக்கொண்டோம்.

அப்புறம் மொழிபெயர்ப்பு. அவர் பேசுவதை அம்மாவுக்கு நான்தான் சொல்ல வேண்டும். அம்மாவின் உடம்பு பற்றி மருத்துவர் கேட்ட கேள்விகளை அவளிடம் கேட்டதும் நான்தான். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் பதில் சொல்வாள், பாதியை விழுங்கிவிடுவாள். தயவுசெய்து பிள்ளைகளை அந்த இடத்தில் உட்கார வைக்காதீர்கள். தொலைபேசியிலாவது பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைப் பிடியுங்கள், செலவானாலும் பரவாயில்லை.

களப்பணியாள்:

மூன்றாம்மாடி, இதை எழுதியதற்கு நன்றி. அந்த வாளியை என் பயிற்சி வகுப்புகளில் சொல்லலாமா? உங்கள் அனுமதி இருந்தால் மட்டும்.

பழுதுபார்ப்பவன் கேட்டது நியாயமான கேள்வி. ஆமாம், பாத்வேஸில் பணியாளரைச் சந்திக்க வேண்டும் என்ற ஒன்றைக் கேட்டார்கள், வாடகைக்காக வருமானத்தில் ஒரு பங்கும் கேட்டார்கள். நான் அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அங்கே வந்தவர்கள் கடுமையான மனநோயோடு நெடுங்காலம் தெருவில் கிடந்தவர்கள். ஒரு தாய், தகப்பன், மூன்று பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு அதே அளவுகோலை வைக்கக் காரணம் இல்லை. நாடு மாறியிருக்கிறார்களே தவிர, அவர்கள் குடும்பம் நடத்தத் தெரிந்தவர்கள்.

பாதுகாப்பு பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு வார்த்தையும் மறுக்க மாட்டேன். அந்தப் பொறுப்பு யாருடையது என்பதில்தான் வேறுபடுகிறேன். பெயின்ட், மின்கம்பி, ஹீட்டர், அலாரம் எல்லாம் வீட்டைக் கொடுப்பவரின் கடமை. குடும்பம் பெட்டியை இறக்குவதற்கு முன்பே முடித்திருக்க வேண்டியவை. அமெரிக்க மீள்குடியேற்றத் திட்டத்தில் இதற்கென்றே சரிபார்ப்புப் பட்டியல் இருந்தது. குடும்பம் வந்த மறுநாளே ஒரு வீட்டு வருகை, 30 நாளுக்குள் இன்னொன்று என்பது அங்கே விதியாக இருந்தது. (அந்த மீள்குடியேற்றத் திட்டமே 2025 ஜனவரியில் நிறுத்திவைக்கப்பட்டது. எத்தனையோ குடும்பங்கள் பயணச்சீட்டோடு நடுவழியில் நின்றன. அதைப் பற்றித் தனி இழையே தொடங்கலாம்.) பிறகு அவ்வப்போது வரும் ஆய்வை, முன்கூட்டியே அறிவித்து, எல்லா வாடகைதாரருக்கும் செய்வதைப் போலச் செய்யுங்கள். பெரும்பாலான நாடுகளின் வாடகைச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. அகதி என்பதற்காகத் தனி வரி தேவையில்லை. 1951 அகதிகள் உடன்படிக்கையின் 21-ஆம் பிரிவே வீட்டு விஷயத்தில் அகதிகளை, அதே நிலையில் உள்ள மற்ற வெளிநாட்டவரைவிடக் குறைவாக நடத்தக் கூடாது என்கிறது.

ஆக, இரண்டு வருகை. ஒன்று வீட்டைப் பார்க்க, இன்னொன்று குடும்பத்தைப் பார்க்க. முதலாவதை அறிவித்துவிட்டுச் செய்யலாம். இரண்டாவதற்கு அழைப்பு வேண்டும். இரண்டுக்கும் ஒரே ஆள் போகக் கூடாது.

பழுதுபார்ப்பவன்:

இப்படிப் பிரித்தால் எனக்கு மறுப்பில்லை. உண்மையில் எனக்கும் அதுதான் எளிது. நான் போனால் சுவரையும் குழாயையும் மட்டும் பார்ப்பேன், சமையலறை அலமாரியைத் திறந்து பார்க்க மாட்டேன் என்று அவர்களுக்குத் தெரிந்தால் போதும்.

வாசற்படி, ஒன்று செய்யுங்கள். குடும்பம் நுழையும் நாளில், சாமான் வைப்பதற்கு முன், ஒவ்வோர் அறையையும் அவர்கள் கைபேசியிலேயே படம் எடுக்கச் சொல்லுங்கள். சுவரில் உள்ள கீறல், உடைந்த கைப்பிடி, கறை எல்லாம். தேதியோடு இருக்கும். வீட்டைக் காலி செய்யும்போது அவற்றைக் காட்டி முன்பணத்தில் பிடித்தம் செய்ய முடியாது. அதைவிட முக்கியம், “இது நாம் கெடுத்ததில்லை” என்று முதல்நாளே அவர்களுக்குத் தெரிந்துவிடும். வாளியை ஒளித்து வைக்க வேண்டியதில்லை.

கணக்குப்புத்தகம்:

வாடகை பற்றி யாரும் எழுதவில்லையே என்று சுருக்கமாக இரண்டு விஷயம்.

ஒன்று, உதவி முடியும் தேதி. கனடாவில் அகதிக் குடும்பங்களை வரவழைத்து ஆதரிக்கும் தனியார் ஆதரவுக் குழுக்கள் பொதுவாக 12 மாதம் பொறுப்பேற்கின்றன. அமெரிக்காவில் தொடக்க உதவி சில மாதங்களுக்குத்தான். பிரிட்டனில் 2016-இல் தொடங்கிய சமூக ஆதரவுத் திட்டத்தில் இரண்டு ஆண்டுக்கு வீடு உறுதி செய்யச் சொன்னார்கள். எந்தக் கணக்காக இருந்தாலும் குடும்பம் தடுமாறுவது உதவி நிற்கும் அந்த மாதத்தில். வாடகையில் குழு தாங்கும் பங்கைத் திடீரென்று நிறுத்தாமல் படிப்படியாகக் குறையுங்கள். எந்த மாதம் எவ்வளவு என்பதை முதல்நாளே அவர்கள் மொழியில் எழுதி, சுவரில் ஒட்டும்படி கொடுங்கள். பயணச் செலவைக் கடனாகக் கொடுத்துப் பிறகு திருப்பிக் கேட்கும் நாடுகளும் உண்டு. அந்தத் தவணையையும் அதே தாளில் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் கணக்கு தப்பிவிடும்.

இரண்டாவது, எந்த இடத்தில் வீடு எடுக்கிறீர்கள் என்பது. சுவீடன் 1985 முதல் அகதிகளை நாடெங்கும் பரவலாகக் குடியமர்த்தியது. ஒரே இடத்தில் குவியக் கூடாது என்பது நோக்கம். பிறகு வந்த ஆய்வு, படிப்புக் குறைவானவர்களில் தங்கள் நாட்டவர் அதிகம் வாழும் பகுதியில் இருந்தவர்கள் கூடுதலாகச் சம்பாதித்ததைக் காட்டியது. பக்கத்து வீட்டில் தன் மொழி பேசும் ஒருவர் இருப்பது உங்கள் வழிகாட்டி செய்யும் வேலையில் பாதியைச் செய்துவிடும்.

வெள்ளுடை:

வாசற்படி சொன்ன ‘முதியவர், நோயாளி’ பகுதியை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள். நான் வீட்டுக்குச் சென்று பார்க்கும் செவிலியர். இது சின்ன விஷயம் இல்லை.

மீள்குடியேற்றத்துக்கு ஐ.நா. ஆணையம் குடும்பங்களைப் பரிந்துரைக்கும் பிரிவுகளில் மருத்துவத் தேவை உள்ளவர்கள் ஒன்று, வன்முறையிலும் சித்திரவதையிலும் பிழைத்தவர்கள் ஒன்று, ஆபத்தில் உள்ள பெண்கள் ஒன்று, ஆபத்தில் உள்ள குழந்தைகள் ஒன்று. ஆகவே உங்கள் கட்டடத்துக்கு வரும் குடும்பங்களில் ஒன்றிலாவது படுக்கையில் ஒருவர் இருப்பார் என்று எண்ணியே திட்டமிடுங்கள். தரைத்தள வீடு ஒன்றையாவது ஒதுக்கி வையுங்கள். கழிவறையில் கைப்பிடிக் கம்பி, சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் கதவு இருக்கிறதா என்று இப்போதே அளந்து பாருங்கள். வந்த பிறகு அளந்தால் அந்தப் பாட்டி மாதக்கணக்கில் அறையை விட்டு வெளியே வர மாட்டார்.

வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் அவரைப் பார்த்துக்கொள்வது யார் தலையில் விழும்? மூத்த மகளின் தலையில். மொழி வகுப்புக்கு முதலில் வராமல் போவது அவள்தான். நான் பார்த்த ஒரு வீட்டில், பக்கவாதம் வந்த தாத்தாவைப் பகல் முழுதும் பார்த்துக்கொண்டது பதினேழு வயதுப் பெண். தாத்தாவை இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. தானாகவே கண்டுபிடித்து, ஒரு பழைய கடிகாரத்தில் மணி வைத்துச் செய்துகொண்டிருந்தாள். முதுகில் ஒரு புண் இல்லை. அதற்காக அவளைப் பாராட்டிவிட்டு அப்படியே விட்டுவிட முடியுமா? அவள் பள்ளிக்குப் போக வேண்டும். வீட்டுக்கு வரும் பராமரிப்பாளருக்கு விண்ணப்பித்தோம். “வெளியாள் வந்து எங்கள் அப்பாவைத் தொடுவதா” என்று தகப்பன் முதலில் மறுத்தார். அந்தக் குடும்பத்துக்குத் துணையாக இருந்த வழிகாட்டி அவசரப்படவில்லை. முதல் சில முறை பராமரிப்பாளர் கூடத்தில் மட்டும் உட்கார்ந்திருந்தார். பிறகு போர்வை மாற்றினார். அதன்பின் தகப்பனே “குளிப்பாட்டக் கொஞ்சம் கை கொடுங்கள்” என்று கூப்பிட்டார்.

வழிகாட்டி நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் ஆள் இல்லை. குடும்பத்துக்கும் மருத்துவச் சேவைக்கும் நடுவில் வழி திறந்துவிடுபவர். மருந்து கொடுப்பது, புண்ணுக்குக் கட்டுப்போடுவது போன்றவற்றைத் தன்னார்வலர் செய்யக் கூடாது, எழுதியே வைத்துவிடுங்கள். மருந்துப் பெட்டியில் காலைக்குச் சூரியன், இரவுக்கு நிலா என்று படம் ஒட்டிக் கொடுக்கலாம். எந்த மாத்திரை எந்தப் படத்துக்கு என்பதை மருந்தாளரோ செவிலியரோ சொல்ல வேண்டும்.

மூன்றாம்மாடி:

களப்பணியாள், தாராளமாகச் சொல்லுங்கள்.

வெள்ளுடை அக்கா, அந்தப் பெண் பள்ளிக்குத் திரும்பினாளா?

வெள்ளுடை:

திரும்பினாள். இரண்டு பாடம் பின்தங்கியிருந்தது, மாலை வகுப்பில் சேர்ந்து எழுதினாள்.

வாசற்படி:

எல்லாருக்கும் நன்றி. இதை எங்கள் குழுவுக்கு அப்படியே அனுப்பினேன். இன்னொரு கேள்வி வந்தது. நிபந்தனை இல்லை, அழைத்தால்தான் வருவோம் என்றால், அழைக்கவே மாட்டார்களே? வெட்கம் இருக்கும், மொழி வராது. அப்போது வழிகாட்டி எப்படி உள்ளே போவது? யாரை வழிகாட்டியாகப் போடுவது?

களப்பணியாள்:

யார் என்பதற்கு முதலில் பதில். இரண்டு பழைய முன்மாதிரிகள் இருக்கின்றன. 1973-இல் இங்கிலாந்தின் லெஸ்டரில் மார்கரெட் ஹாரிசன் ‘ஹோம்-ஸ்டார்ட்’ தொடங்கினார். சின்னக் குழந்தைகள் உள்ள, சோர்ந்துபோன குடும்பங்களுக்கு வாரம் ஒருமுறை வீடு தேடிப் போகும் தன்னார்வலர்கள். பெரும்பாலும் தாங்களே பிள்ளை வளர்த்தவர்கள். 1969-இல் எருசலேமின் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் அவிமா லொம்பார்ட் தொடங்கிய ‘ஹிப்பி’ (HIPPY: பள்ளிக்குப் போகும் முன் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கப் பெற்றோரைப் பழக்குவது) திட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. புலம்பெயர்ந்த குடும்பங்களின் வீட்டுக்குப் போய்த் தாய்மாருக்குக் கற்றுக்கொடுப்பவர், அதே சமூகத்தைச் சேர்ந்த, அதே நிலையில் இருக்கும் இன்னொரு தாய். ஆஸ்திரேலியா உட்படப் பல நாடுகளில் இன்றும் நடக்கிறது. ஆகவே முடிந்தால் சில ஆண்டு முன்பு வந்து காலூன்றிய ஒருவரை வழிகாட்டியாக எடுங்கள், அவருக்குச் சம்பளமும் கொடுங்கள். இலவசமாக உழைக்கும் வசதி அவருக்கு இருக்காது.

ஒரே ஊர், ஒரே மொழி என்றாலே சரியாகிவிடும் என்றும் எண்ணிவிடாதீர்கள். போரில் எதிரெதிர்ப் பக்கம் நின்றவர்கள் ஒரே மொழி பேசுபவர்களாக இருப்பார்கள். பேசியது சமூகத்தில் பரவிவிடுமோ என்ற பயமும் உண்டு. குடும்பத்திடமே கேளுங்கள், யார் வேண்டும், யார் வேண்டாம் என்று. மாற்றிக்கொள்ளும் உரிமையையும் முதல்நாளே சொல்லுங்கள்.

எப்படி உள்ளே போவது? முதல் மாதம் வேலை கொட்டிக்கிடக்கும், கதவு தானாகத் திறக்கும். கடிதங்கள் வந்து குவியும். எது விளம்பரம், எது கடைசித் தேதி உள்ளது என்று பிரிக்கவே ஒரு மாலை ஆகும். அந்த முதல் மாதத்தில் வழிகாட்டி எப்படி நடந்துகொள்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வீட்டுக்காரருக்குக் குழாய் கசிவதைச் சொல்ல வேண்டுமா? வழிகாட்டி பேசிவிட்டால் இரண்டு நிமிடம். அந்தத் தாயோ தகப்பனோ பேச, வழிகாட்டி ஒலிபெருக்கியில் கேட்டபடி பக்கத்தில் உட்கார்ந்தால் அரைமணி. அந்த அரைமணியைச் செலவழியுங்கள். அடுத்த முறை அவர்களே பேசிவிட்டு உங்களிடம் வந்து சொல்வார்கள், அந்தக் குரலைக் கேட்க வேண்டும் நீங்கள்.

அலாரம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், பழுதுபார்ப்பவன் இதைக் கேட்க வேண்டும். சோதிக்கிறேன் என்று அறிவிப்பில்லாமல் பொத்தானை அழுத்தாதீர்கள். அப்படி ஒருவர் அழுத்தியதும், கண்ணிமைக்கும் நேரத்தில் பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில் போய்விட்டார்கள். பாட்டி சன்னலை விட்டு விலகிச் சுவரோடு ஒட்டி நின்றார். அவர்கள் பழகிய சைரன் வேறு. முதலில் கருவியைக் கழற்றிக் கையில் கொடுங்கள், இது எதற்கு என்று சொல்லுங்கள், பெரிய பிள்ளையையே அழுத்தச் சொல்லுங்கள். தாங்களாக எழுப்பிய சத்தத்துக்குப் பயம் குறைவு. சமைக்கும்போது புகைபோக்கி விசிறியைப் போட்டால் அது பெரும்பாலும் அலறாது என்பதையும் அப்போதே காட்டிவிட்டால் பேட்டரியைக் கழற்ற மாட்டார்கள்.

பழுதுபார்ப்பவன்:

இது எனக்குத் தெரியாத விஷயம். எங்கள் ஆட்கள் வருடாந்திரச் சோதனையில் வரிசையாக எல்லா வீட்டிலும் அழுத்திக்கொண்டே போவார்கள். முந்தின நாளே கதவில் அந்தந்த மொழியில் அறிவிப்பு ஒட்டச் சொல்கிறேன்.

கணக்குப்புத்தகம்:

வாசற்படிக்கு ஓர் எச்சரிக்கை. 2022 மார்ச்சில் பிரிட்டன் ‘ஹோம்ஸ் ஃபார் உக்ரைன்’ திட்டம் கொண்டுவந்தது. பொதுமக்கள் தங்கள் வீட்டிலேயே குறைந்தது ஆறு மாதம் இடம் கொடுத்தார்கள். நல்ல மனதோடு செய்தார்கள், பெரும்பாலும் நன்றாகவே நடந்தது. ஆனால் இடம் கொடுத்தவரும் துணை நிற்பவரும் ஒரே ஆள். இருவருக்கும் ஒத்துப்போகாமல் போனால் ஒரே நாளில் வீடும் போகும், துணையும் போகும். அப்படி வெளியே வந்து உள்ளாட்சியிடம் வீடற்றோராகப் பதிந்த குடும்பங்கள் உண்டு. உங்கள் விஷயத்தில் உள்வாடகைக்கு விடுவதும் நீங்கள்தான், வழிகாட்டியை அனுப்புவதும் நீங்கள்தான். காகிதத்தில் நிபந்தனையை எடுத்துவிட்டாலும் குடும்பத்தின் கண்ணுக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும். வாடகைப் பொறுப்பை வேறு அமைப்பிடம் கொடுக்க முடியுமா என்று பாருங்கள்.

வாசற்படி:

இதை நேற்றுக் குழுவில் நெடுநேரம் பேசினோம். முடிவு செய்தவற்றைச் சொல்கிறேன், ஓட்டை இருந்தால் காட்டுங்கள்.

வீட்டு வருகை ஒப்பந்தத்தில் இருக்காது. வாடகையும் பழுதும் நாங்கள் முன்பு துணையாக இருந்த அமைப்பின் பொறுப்பில் போகும், அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். வழிகாட்டிகள் எங்களிடம் இருப்பார்கள். குடும்பத்தைப் பற்றி அவர்கள் எழுதும் குறிப்பு எதுவும் வாடகைப் பக்கம் போகாது. குழந்தைக்கோ வேறு ஒருவருக்கோ உயிர் ஆபத்து என்றால் சட்டப்படி தெரிவிப்போம், அதை முதல்நாளே மொழிபெயர்ப்பாளர் வழியாகக் குடும்பத்திடம் சொல்லிவிடுவோம். வழிகாட்டியை மாற்றச் சொல்லும் உரிமை, பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர், வாடகைப் பங்கு படிப்படியாக மாறும் தாள் எல்லாம் சேர்த்தாயிற்று. வெள்ளுடை சொன்னபடி தரைத்தள வீட்டின் கதவை அளந்தோம். கழிவறைக் கதவு குறுகலாக இருக்கிறது, உரிமையாளர் மாற்றித் தருகிறேன் என்றிருக்கிறார். ஆண்டுக்கு இருமுறை பாதுகாப்பு ஆய்வு, கட்டடத்தில் உள்ள எல்லா வீட்டுக்கும் ஒன்றுபோல. அதைக் கேட்டதும் உரிமையாளரும் நிபந்தனை வரியை விட்டுவிட்டார். அவருக்கு வேண்டியிருந்தது அந்த உறுதிதான்.

மிச்சம் இருப்பது மாற்றுச் சாவி. குடும்பம் சாவியைத் தொலைத்துவிட்டால், உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் யாரிடமாவது இருக்க வேண்டுமே. வழிகாட்டியிடம் இருக்கலாமா?

மூன்றாம்மாடி:

வேண்டாம். வழிகாட்டியிடம் மட்டும் வேண்டாம். சாவி வைத்திருப்பவர் கதவைத் தட்டினாலும் அது தட்டுவதாகத் தெரியாது.

பழுதுபார்ப்பவன்:

கட்டட நிர்வாகியிடம் இருக்கட்டும். உறையில் போட்டு, ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் குடும்பத் தலைவரோ தலைவியோ கையெழுத்துப் போடட்டும். திறந்தால் யார், எப்போது, எதற்கு என்று பதிவேட்டில் எழுதி, அன்றே குடும்பத்துக்கும் சொல்லிவிட வேண்டும். எங்கள் கட்டடங்களில் இப்படித்தான் செய்கிறோம், சண்டை வந்ததில்லை.

குடும்பங்கள் வருவதற்கு முன் ஒருநாள் வீடுகளைப் பார்க்க நானும் வருகிறேன். 1978-க்கு முந்தைய கட்டடமா என்று உரிமையாளரிடம் கேட்டு வையுங்கள். அந்த நாட்டுச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும், பழைய கட்டடம் என்றால் பெயின்டைச் சுரண்டி ஆய்வகத்துக்கு அனுப்பிவிடலாம். முடிவு வரச் சில நாள் ஆகும், அதனால் இந்த வாரமே கேளுங்கள்.

வாசற்படி:

கேட்டுவிட்டேன் அண்ணா, பழைய கட்டடம்தான். மாதிரி எடுக்க வெள்ளிக்கிழமை வரமுடியுமா? மூன்றாம்மாடி, வழிகாட்டிகளுக்கான முதல் பயிற்சிக்கு நீங்களும் வந்து பேச வேண்டும் என்று குழுவில் எல்லோரும் கேட்கிறார்கள். விவரம் தனிமடலில் அனுப்புகிறேன்.